ஊஞ்சப்பதியில் கூடிப்போன ஓர் ஆள்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் ஊஞ்சப்பதி நஞ்சி. சொன்ன நாள் போன வருஷம் குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி, வெயில் இன்னும் மூங்கில் கேட்டின் மேல் கிடந்தது. நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், கதை கட்டத் தெரியாது. அவள் சொன்னதைச் சொன்னபடியும், அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்ததை நடந்தபடியும் எழுதுகிறேன், ஆண்டவர் சாட்சி.

ஊஞ்சப்பதி மலையடிவாரத்தில் நாற்பத்திரண்டு வீடு இருக்கிற ஊர். சனி ஞாயிறுகளில் கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வேன் பிடித்து ஆட்கள் அங்கே வருவார்கள், ஒருநாள் காட்டைப் பார்த்துவிட்டுப் போக. கேட்டில் இறங்கியதும் பிளாஸ்டிக் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், பாலிதீன் பை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு துணிப்பை கொடுப்பார்கள், சுக்குக் காப்பி கொடுப்பார்கள், கத்தக் கூடாது பாட்டுப் போடக் கூடாது என்று சொல்லி ஓடைக்கரையோடு மூன்று கிலோமீட்டர் உள்ளே நடத்திக் கூட்டிப்போவார்கள். ஓடையில் காலை விட்டு உட்கார்ந்தால் சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கடித்துக் கூசவைக்கும். மத்தியானம் ஊர்ப் பெண்கள் சமைத்த ராகிக் களி, கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, கடைசியில் தேனில் ஊறின நெல்லிக்காய் ஒன்று, எல்லாம் மந்தாரை இலையில். திரும்பிப் போகும்போது எதையும் விட்டுவிட்டும் போகக் கூடாது, எதையும் எடுத்துக்கொண்டும் போகக் கூடாது, அதுதான் அங்கே சட்டம். குழந்தைகளின் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து ஒரு கூழாங்கல் இருந்தாலும் நஞ்சி வாங்கிவிடுவாள், வாங்கி அந்தக் கல் கிடந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவாள், அது எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும்.

கேட்டில் ஆளை எண்ணுவதும் நஞ்சிதான். வனத்துறை நோட்டு ஒன்று உண்டு, அதை எழுதுவது வாட்சர் மசணன். நஞ்சிக்கு எழுதத் தெரியாது, ஆனால் ஆள் உள்ளே போகப் போக ஓர் ஆளுக்கு, சோப்புக்குப் பதில் தேய்க்கிற பூந்திக்கொட்டை ஒன்று என்று முறத்தில் போடுவாள், குடும்பம் குடும்பமாகப் பிரித்துத் தனித்தனிக் குவியலாகப் போடுவாள், ஆள் வெளியே வர வர ஒவ்வொன்றாக எடுத்துவிடுவாள். முறம் காலியானால் காட்டுக்குள் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பதினொரு வருஷமாக இப்படித்தான். யானை வருகிற காடு, ஆள் குறைந்தால் சும்மா இருக்க முடியுமா? ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், டார்ச்சும் தம்பட்டமும் எங்கே இருக்கிறது, யார் எந்தப் பக்கம் போகவேண்டும், எல்லாம் தெரியும். ஆள் கூடினால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை.

முதல் தடவை ஆள் கூடியது அதற்கு முந்தின வருஷத்துக் கார்த்திகையில். யாரோ பள்ளிக்கூட டீச்சர்கள், குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முப்பத்தோரு கொட்டை போட்டாள், சாயங்காலம் முப்பத்தொன்றையும் எடுத்துவிட்டாள், முறம் காலி, எதிரே இன்னும் ஓர் அம்மா நின்று கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மசணா, ஒரு ஆளு கூட இருக்குதப்பா."

"நோட்டுல முப்பத்திரெண்டுன்னுதான் எழுதியிருக்குது நஞ்சி. உன் கொட்டைல ஒண்ண எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"எலி பூந்திக்கொட்டைய வெச்சுட்டு என்ன பண்ணும், தலைக்குக் குளிக்குமா?"

டீச்சர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காலையில் கேட்டு முன்னால் எடுத்த போட்டோவைச் செல்போனில் காட்டினார்கள், அதிலும் முப்பத்திரண்டு பேர். ஆரஞ்சு உரித்தவளைக் கேட்டால் நான் இருபது வருஷமாகக் கணக்கு டீச்சர் என்றாள், மற்றவர்களும் ஆமாம் என்றார்கள், அவள் கடைசியில் நின்றாள் என்பதற்காக அது அவளாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. வேனில் ஏறினார்கள், காலையில் எல்லாரும் உட்கார்ந்து வந்த வேனில் ஒருத்தர் நின்றுகொண்டு போனார், நாங்க வரும்போதும் இப்படித்தான் நெருக்கியடிச்சு வந்தோம் என்று கையாட்டிக்கொண்டே போனார்கள்.

திங்கட்கிழமை துடைப்பப்புல் அறுக்கப் போன பெண்கள் ஓடைத் திருப்பத்தில் இருந்த பெரிய நீர்மருது இல்லை என்று வந்து சொன்னார்கள். வெட்டின அடிக்கட்டை இல்லை, வேர் பிடுங்கின குழி இல்லை, சருகுகூட இல்லை, அந்த இடத்தில் மற்ற இடம் மாதிரியே புல்லும் பனியும் இருந்தது. எறும்புகள் மட்டும் வரிசையாக வந்து, மரம் ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

இதைக் கேட்டு ஊரில் யாரும் நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. நஞ்சியின் நாத்தனார் வெள்ளி, அவள்தான் சமையலுக்குத் தலைமை, களி கிண்டுகிற துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாளாம்.

"பதினொரு வருசமா வாரா வாரம் நம்ம ஊட்டுக்கு வந்து பாத்துட்டுப் போறாங்க. மரியாதைக்கு நாமளும் ஒருக்கா போயிப் பாக்கோணும்னு அதுக்குத் தோணாதா? போயிட்டு வரும், உடு."

சரி, பதில் மரியாதைக்குப் போயிருக்கிறது, பொழுது சாய்ந்தால் கிளம்பி வந்துவிடும் என்று ஊரே நினைத்தது. வந்தவர்கள் எல்லாரும் சாயங்காலம் திரும்பித்தானே போகிறார்கள். மரம் வந்தால் நிற்க இடம் வேண்டும் என்று அந்த இடத்தில் யாரும் மாடு கட்டவில்லை, கல் போடவில்லை, ஒரு குடம் தண்ணீர் தினமும் ஊற்றி மண்ணை ஈரமாகவே வைத்திருந்தார்கள். மரம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு கம்பெனி ஆட்கள் வந்தார்கள், பதினெட்டுப் பேர் போய்ப் பத்தொன்பது பேர் வந்தார்கள், பாறைக்கு மேல் இருந்த தேன்கூடு எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போனது. அதற்கு அடுத்த வாரம் மலையணில். அதற்கு அடுத்த வாரம், ஊர்க் கிழவர்களே பேர் மறந்த ஒரு வாசனை, மழைக்கு முந்தின நாள் கிழக்கிலிருந்து வருமாம், அது.

எத்தனையோ செய்து பார்த்தார்கள். உள்ளே போகும்போது ஆளுக்கொரு மஞ்சள் கயிறு கையில் கட்டிவிட்டார்கள், நாற்பது கயிறுதான் அறுத்தார்கள், வெளியே வந்த நாற்பத்தொரு கையிலும் கயிறு இருந்தது. சாப்பாட்டுக்கு இலை எண்ணிப் போட்டார்கள், இலை ஒன்று குறைந்தது, குறைந்த இலைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார் என்று பார்ப்பதற்குள் எல்லாரும் நெருங்கி உட்கார்ந்து ஒருவர் இலையை ஒருவர் பகிர்ந்துகொண்டார்கள், நல்ல ஜனங்கள், என்ன சொல்வது. ஒருநாள் நஞ்சியே தைரியமாக வரிசைக்குப் பின்னால் போய் நின்று, "மலையணிலே, ஏ மலையணிலே" என்று கூப்பிட்டாள், கூப்பிட்டால் அது மட்டும் திரும்பும் என்று. அன்றைக்கு வந்த இருபத்தாறு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி, எங்கே எங்கே என்று செல்போனைத் தூக்கினார்கள்.

கடைசியில் வெள்ளி ராகி மூட்டையைப் பார்த்துச் சொன்னாள், இனிமேல் ஒரு ஆளுக்குச் சேர்த்தே சமைக்கிறேன், நம்ம காட்டிலிருந்து போகிறது, முதல் நாள் பட்டினியாகவா போகவேண்டும் என்று. அன்றிலிருந்து ஓர் ஆள் சாப்பாடு கூட இருக்கும், அது மீந்ததே இல்லை.

ஊர் கூடிப் பேசாமலும் இல்லை. இனி யாரையும் உள்ளே விடவேண்டாம் என்று பாறைமேல் உட்கார்ந்து முடிவெடுத்து, மூன்று வாரம் கேட்டைச் சாத்தினார்கள். அந்த மூன்று வாரமும் காட்டிலிருந்து எதுவும் போகவில்லை. ஆனால் காட்டுக்குள் ஆடு மேய்க்கக் கூடாது, விறகு எடுக்கக் கூடாது என்று ஆன ஊருக்கு வேறு பிழைப்பு என்ன இருக்கிறது? இரண்டாவது வாரம் ஆண்கள் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் உரிக்கக் கிளம்பினார்கள், மூன்றாவது வாரம் பெண்களும் கிளம்பினார்கள். நாற்பத்திரண்டு வீட்டில் முப்பது வீடு பூட்டு. வெள்ளி அடுப்படியில் தனியாக நின்று, "நாம போனாக் காடு இருக்குது, காடு போனா நாம இருக்கறோம், இதென்னடி நஞ்சி, ஒரே கட்டில்ல ரெண்டு பேரு படுக்க முடியாத மாதிரி" என்று சிரித்தாளாம், சிரித்துவிட்டு அழுதாளாம். நாலாவது வாரம் கேட்டைத் திறந்தார்கள். ஊர் ஆட்கள் திரும்பி வந்தார்கள், வேன்களும் வந்தன. இருவாச்சி போனது.

இருவாச்சியை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பெட்டை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலை மண் வைத்துப் பூசிக்கொள்ளும், அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும், ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். முட்டை பொரிந்து குஞ்சு வளரும்வரை அவன் கொண்டுவந்தால்தான் உள்ளே உயிர். அந்த ஆண் பறவைதான் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு குடும்பத்தின் மாமாவாகவோ மருமகனாகவோ வேனில் ஏறிப் போய்விட்டது. ஊர் ஆண்கள் மூங்கிலைப் பிளந்து நுனியில் அத்திப்பழத்தைச் செருகி, முறை வைத்துக்கொண்டு மரமேறினார்கள், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை, ஐம்பத்து மூன்று நாள். மசணன்தான் காலை முறை. முதல் இரண்டு நாள் அலகு வெளியே வரவில்லையாம். மூன்றாம் நாள் வந்ததாம். "என்னையப் புருசன்னு நெனச்சுதோ, வேலக்காரன்னு நெனச்சுதோ, வாங்கித் தின்னுச்சு" என்று அவன் என்னிடமே சொன்னான். இரண்டு குஞ்சு பறந்தது.

இப்படி இருந்த ஊருக்குத்தான் போன வருஷம் நாங்கள் போனோம்.

எங்கள் பங்குக் கோயிலில் மரியாயின் சேனை என்கிற ஜெபக்குழுப் பெண்கள் வருஷம் ஒருமுறை எங்கேயாவது போய்வருவோம். தவக்காலத்தில் சுற்றுலாவா என்று நான்தான் கேட்டேன், ஆண்டவர் படைத்ததைப் பார்ப்பதும் ஜெபம்தான் அம்மா என்று ஃபாதர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் மூவரும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூத்தவள் ரோஸ்லின், ஈரோட்டில் டீச்சர். அடுத்தவன் அமல்ராஜ், பெங்களூரில் வேலை. கடைசி ஜெனிட்டா, சென்னையில் நர்ஸ். இவர்கள் அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்தார், இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் என் பக்கத்தில் இருப்பது இப்போதெல்லாம் அபூர்வம், அதனால் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த நாளை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக. ரோஸ்லின் ஓடையில் காலை விட்டு, மீன் கடிக்குது மீன் கடிக்குது என்று சின்னப்பிள்ளை மாதிரி கூச்சல் போட்டாள். அமல் ஒரு பாறையில் படுத்துத் தூங்கிவிட்டான், தண்ணீர் அவன் தலைமாட்டில் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது, அவன் எழுந்திருக்கவில்லை. ஜெனிட்டா வெள்ளியோடு அடுப்படியில் உட்கார்ந்து களி உருட்டக் கற்றுக்கொண்டு, எனக்கு முதல் உருண்டையைக் கொண்டுவந்து ஊட்டினாள். யாரும் எங்கேயும் மறைந்து போய்த் திரும்பி வரவில்லை. யாரும் புதிதாக வரவில்லை. என் கண்ணைவிட்டு அவர்கள் போன நேரம் என்று எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

சாயங்காலம் கேட்டில் வரிசையாக வந்தோம். எங்கள் குவியலிலிருந்து நஞ்சி ரோஸ்லினுக்கு ஒன்று எடுத்தாள், அமலுக்கு ஒன்று, ஜெனிட்டாவுக்கு ஒன்று. எனக்கு எடுக்கக் கையை வைத்தாள், முறத்தில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கையை எடுக்காமல் அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்துக் கல்லில் என்னை உட்காரவைத்து, இதுவரை நான் எழுதினதையெல்லாம் சொன்னாள். வேன்காரர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, உங்க நாலு பேர்ல ஒருத்தரு எங்க ஆளு. காலைல உங்க குடும்பத்துக்கு மூணுதான் போட்டேன். யாருன்னு எனக்குத் தெரியல. நீங்களாக்கூட இருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நஞ்சி, மூணையும் நான்தான் பெத்தேன். மூணு பிரசவமும் எனக்கு ஞாபகம் இருக்குது. மூத்தவளுக்கு ஆயுதம் போட்டாங்க. நடுவுல உள்ளவன் ஆட்டோலயே பொறந்துட்டான். சின்னவ கொடி சுத்திப் பொறந்தா."

"ஞாபகம் இருக்குங்க்கா. எல்லாருக்கும் ஞாபகம் இருக்குது. அதான் எங்களால ஒண்ணும் பண்ண முடியல."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். இன்னொருக்கா வாங்க, போதும். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. இத்தன வருசத்துல ரெண்டாந்தடவ வந்தவங்க ஒருத்தருகூட இல்லீங்க்கா. ஒருக்கா பாத்த எடத்துக்கு யாரு மறுபடி வர்றாங்க? அடுத்த வாரம் வேற மல, வேற ஓட. போனது திரும்பி வரோணும்னு நெனச்சாலும் அதுக்குத் தனியா வழி தெரியாதில்ல, கூட்டிட்டு வந்தாத்தான உண்டு."

வருகிறேன் என்றேன். யார் சொல்லமாட்டார்கள்?

செவ்வாய்க்கிழமை மசணன் நம்பரிலிருந்து போன் வந்தது, நஞ்சிதான் பேசினாள். ஓடை இல்லை என்றாள். வற்றிப்போச்சா என்று கேட்டேன். வற்றினால் கல் இருக்கும், மணல் இருக்கும், செத்த மீன் கிடக்கும், இது அப்படி இல்லை, மேலே மலையிலிருந்து கீழே ஊர் வரைக்கும் ஓடை இருந்த தடத்தில் வெறும் புல்தரை, நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை, எத்தனையோ வருஷமாக ஆட்கள் நடந்து பழகின பாதை மாதிரி இருக்கிறது என்றாள். ஊஞ்சப்பதிக்குக் குடிக்க, சமைக்க, ஆடு மாட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஓடைதான். "இப்ப தண்ணிக்கு வாய்க்கா மேட்டுக்குப் போறோங்க்கா, ரெண்டு மைலு" என்றாள். அதில் ஒரு கோபமும் இல்லை. உடம்பு எப்படி இருக்குது, பிள்ளைகள் ஊருக்குப் போயாச்சா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் பட்டது ஆண்டவருக்குத் தெரியும். ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தேன், மூன்று பேர். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தை உபதேசியாரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன், மூன்று பேர், மூன்று தேதி, ஞானப்பெற்றோர் கையெழுத்து. கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிற குடும்பப் போட்டோவில் இவர் மடியில் ஒன்று, என் மடியில் ஒன்று, நடுவில் ஒன்று. எதில் பார்த்தாலும் மூன்று. ஒரு முறத்தில்தான், என்னைத் தள்ளிவிட்டால், இரண்டு. ரோஸ்லினுக்குப் பிறந்ததிலிருந்தே பாதம் சில்லென்று இருக்கும். அமல் ஓர் இடத்தில் உட்காரமாட்டான், உட்கார்ந்தால் தூங்கிவிடுவான், தூக்கத்தில் தொண்டைக்குள் கடகடவென்று ஒரு சத்தம். ஜெனிட்டா கைக்குழந்தையாக அழுததே இல்லை, முனகிக்கொண்டே இருப்பாள், அந்த முனகலைக் கேட்டால் பக்கத்துவீட்டுக் குழந்தைகள்கூடத் தூங்கிப்போகும். ஒன்றை எடுத்தால் அதுதான் என்று தோன்றுகிறது, அடுத்ததை எடுத்தால் இதுதான் என்று தோன்றுகிறது. என்னையே எடுத்துப் பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் எப்போதும் சீக்கிரம் வரும், வேறொன்றும் தெரியவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என்ன பாவம் என்று சொல்வது? சாமி, எனக்கு ஒரு பிள்ளை கூடுதலாக இருக்கிறது, அது ஒரு ஊரின் குடிதண்ணீர் என்றேன். ஃபாதர் நல்ல மனிதர். பரிகாரத்துக்கு மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்கள் அம்மா என்றார். ஏன் சாமி மூன்று என்று கேட்டேன். எல்லாருக்கும் அதுதான்மா சொல்றது என்றார்.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் நஞ்சியும் வெள்ளியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், பஸ் மாறி மாறி. நல்லதாக ஒரு சீலை கட்டியிருந்தாள் நஞ்சி, கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். பிள்ளைகள் மூவரும் இருந்தார்கள். வெயிலில் வந்தவர்கள், குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று வெள்ளி கேட்டாள். நான் எழுந்திருப்பதற்குள் மூவரும் எழுந்து உள்ளே போனார்கள், மூவரும் ஆளுக்கொரு டம்ளரோடு வந்தார்கள். நஞ்சி ஒருத்தரையும் விடாமல் மூன்றையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

"என்னடி?" என்றாள் வெள்ளி.

"மூணும் ஒரே ருசி. கொழாத் தண்ணி."

வெள்ளி வாய்விட்டுச் சிரித்தாள், பிள்ளைகளும் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியாமலே நானும் சிரித்தேன். பிறகு நஞ்சி கேட்டாள், பிள்ளைகளைப் பார்த்தே கேட்டாள், ஒருநாள் எல்லாரும் எங்க ஊருக்கு வாங்களேன் என்று. "போலாம்மா, அன்னைக்குச் சாப்பிட்ட களி இன்னும் நாக்குல நிக்குது" என்றாள் ஜெனிட்டா. "ஓடைல கால வெச்சு உக்காரணும்" என்றாள் ரோஸ்லின். ஓடை இல்லை என்று அவர்களுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. நஞ்சியும் சொல்லவில்லை.

நான் சொன்னேன், அமலுக்கு லீவு இல்லை, நாளைக்கே கிளம்புகிறான் என்று. அமல் என்னைப் பார்த்தான், அவனுக்கு ஜனவரி இரண்டு வரை லீவு. பொய் சொன்னேன், கிறிஸ்து பிறந்து இரண்டாம் நாள், குடிலுக்கு முன்னால் நின்று பொய் சொன்னேன். நஞ்சி வாழைப்பழத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வாசல் வரைக்கும் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, வெள்ளி முன்னால் போகட்டும் என்று நின்று, என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"வருத்தப்படாதீங்க்கா. எங்க ஊட்டுக்கு இப்படி ஒண்ணு வந்திருந்தா நாங்களும் குடுக்க மாட்டோம்."

அவள் திட்டியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் ஜெபம் சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன். அந்த ஒரு சொல்லோடு என்னால் இருக்க முடியவில்லை. தை மாதத்தில் ஒருமுறை போன் செய்தேன், வெள்ளிக்குக் குடம் சுமந்து இடுப்பு பிடித்துவிட்டது, சமையலுக்கு வேறு ஆள் என்றாள் நஞ்சி. மாசியில் செய்தேன், பன்னிரண்டு வீடு பூட்டிவிட்டுக் கீழே போய்விட்டது என்றாள். வருகிற ஆட்களுக்கு இப்போது அந்தப் புல்தரைப் பாதையைக் காட்டுகிறார்களாம், அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்களாம்.

வருகிற சனிக்கிழமைக்கு வேன் சொல்லிவிட்டேன். மூன்று பேருக்கும் லீவு கிடைத்துவிட்டது. என்னோடு சேர்த்து நாலு பேர் உள்ளே போவோம், நஞ்சி நாலு கொட்டை போடுவாள். எத்தனை பேர் வெளியே வருவோம் என்று எனக்குத் தெரியாது. நாலு பேரும் வந்துவிடலாம், ஓடைக்கு ஊர் பிடித்துப்போய் இருக்கலாம். நான் வராமல் இருக்கலாம், அதற்கு எனக்குப் பயம் இல்லை, மாதாவிடம் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கூடும்போது எல்லாம் கூடின மாதிரிதானே குறையும்போதும் எல்லாம் குறையும். ரேஷன் கார்டில் இரண்டு பேர் இருக்கும். ஞானஸ்நானப் புத்தகத்தில் இரண்டு தேதி இருக்கும். போட்டோவில் நடுவில் யாரும் இருக்கமாட்டார்கள், அல்லது என் மடி காலியாக இருக்கும், அது காலி என்றே எனக்குத் தோன்றாது. வேனில் சௌகரியமாகக் காலை நீட்டிக்கொண்டு வருவேன். அழக்கூடத் தெரியாமல் வருவேன். எந்த ஊரில் எந்த ஓடையைப் பார்த்தாலும் என் பிள்ளை என்று நிற்கத் தெரியாது. இதை நினைத்தால்தான் ஜெபம் பாதியில் நின்றுவிடுகிறது.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் பிள்ளைகளைப் பார்த்ததில்லை, எங்கள் பங்கும் இல்லை, அந்தக் காட்டுக்கும் போனதில்லை. உங்களுக்கும் மறந்துபோகுமா என்று எனக்குத் தெரியாது, போகாமல் இருக்கலாம். பிறகு என்றைக்காவது எங்கேயாவது என்னைப் பார்த்து, எத்தனை பிள்ளைகள் அம்மா என்று கேட்டு, நான் சிரித்த முகமாக இரண்டு என்று சொன்னால், என்னைத் திருத்தவேண்டாம், ஒன்றும் கேட்கவேண்டாம். ரோஸ்லின், அமல்ராஜ், ஜெனிட்டா. மூன்று என்று நான் சொன்னதை நீங்கள் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.